பரதமா, பறையா, ஒயிலா: வடசென்னையில் பிள்ளையை எந்த ஆட்டத்தில் சேர்ப்பது?

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு பிள்ளை ஆட ஆசைப்பட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி கிளாஸ் எங்கே, எத்தனை மணிக்கு, யார் கொண்டுபோய் விடுவது என்பதுதான். அடுத்த தெரு மாடியில் பரதநாட்டிய வகுப்பு இருந்தால் பரதம். இல்லையென்றால் ஸ்கூலிலேயே சாயங்காலம் நடக்கும் 'வெஸ்டர்ன்'. பறையோ ஒயிலாட்டமோ பலர் வீட்டில் பட்டியலுக்கே வருவதில்லை. வந்தாலும் "அதெல்லாம் ஒரு கிளாஸா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் பெண்ணுக்காக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்டது இது: பரதத்தையும் பறையையும் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எடை போட்டால் முடிவு எப்படியும் தப்பாகத்தான் போகும். இரண்டும் உடம்பிடம் கேட்பது வேறு, காலத்திடம் கேட்பது வேறு. ஒன்று பிள்ளையைத் தனியாக மேடையில் நிறுத்தும். இன்னொன்று பத்துப் பேரோடு வரிசையில் நிறுத்தும். இதை வைத்து யோசித்தால் வழி பிறக்கும்.

பரதநாட்டியம்

நம் ஏரியாவில் எளிதாகக் கிடைப்பது இதுதான். பெரம்பூர், ராயபுரம், திருவொற்றியூர் என்று எங்கே போனாலும் ஒரு மொட்டை மாடியிலோ கோயில் மண்டபத்திலோ சனி, ஞாயிறு வகுப்பு நடக்கிறது. ஆனாலும் 'இது மயிலாப்பூர்க்காரர்களுடையது, நமக்கு ஒட்டாது' என்ற கூச்சம் இங்கே பல வீடுகளில் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சபாக்கள் தெற்கே குடிபோவதற்கு முன் பாட்டும் ஆட்டமும் ஜார்ஜ் டவுன் வீடுகளில்தான் இருந்தன. வீணை தனம்மாள் வாழ்ந்தது அங்கே. அவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டில் வாசிப்பதைக் கேட்கப் பெரிய பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவருடைய பேத்தி நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. 1925-ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். முத்துசாமி தீட்சிதர் சில காலம் மணலியில் தங்கியிருந்தார். தியாகராஜர் திருவொற்றியூர் அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். இன்று மணலி என்றால் ரிஃபைனரிதான் நினைவுக்கு வருகிறது, அது வேறு கதை.

அந்தக் காலத்தில் இதற்குச் சதிர் என்று பெயர். கோயிலிலும் அரண்மனையிலும் தேவதாசிகள் ஆடினார்கள், நட்டுவனார்கள் கற்றுக்கொடுத்தார்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றும் கச்சேரியில் ஓடும் வரிசை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் ஒழுங்கு செய்தது. பிறகு தேவதாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-ல் மதராஸ் மாகாணத்தில் சட்டம் வந்தது. பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவது நின்றது, நல்லது. ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே ஆட்டமும் கைமாறிவிட்டது. 1931-ல் மியூசிக் அகாடமி தேவதாசி மரபுச் சகோதரிகளை மேடையேற்றியது. ஈ. கிருஷ்ணய்யர் என்ற வக்கீல் தானே பெண் வேடம் கட்டி ஆடி இந்தக் கலைக்கு ஆதரவு தேடினார். 1935-ல் ருக்மிணி தேவி மேடையேறினார், 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பத்தே வருடத்துக்குள் சதிர் பரதநாட்டியமாகி, வேறு வீட்டுப் பெண்களின் கலையாகிவிட்டது. உடை மாறியது, மேடையமைப்பு மாறியது, சிருங்காரம், அதாவது காதல் பாவம், குறைக்கப்பட்டது. பாலசரஸ்வதி கடைசி வரை இதை ஒத்துக்கொள்ளவில்லை. சிருங்காரத்தை வெட்டி எடுத்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. நானும் அவர் பக்கம்தான், ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பு தேடும்போது இந்தச் சண்டையில் இறங்க வேண்டியதில்லை. டீச்சருக்கு இந்த வரலாறு தெரியுமா என்று மட்டும் பார்த்தால் போதும். 'பரத முனிவர் எழுதினார், நாம் ஆடுகிறோம்' என்று நடுவில் இரண்டாயிரம் வருடத்தைத் தாண்டிக் குதிக்கிற வகுப்பில் பிள்ளைக்கு அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, வரும், கலை வராது.

அடுத்து உடம்பு. பரதத்தின் அடிப்படை அரைமண்டி. முட்டியை இரு பக்கமும் விரித்து, முதுகு நிமிர்ந்து, பாதி உட்கார்ந்த நிலையிலேயே தட்டடவு, நாட்டடவு என்று எல்லாவற்றையும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், ஆட வேண்டும். விரிப்பு இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதம் எந்தத் திசையில் பார்க்கிறதோ முட்டியும் அதே திசையில் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பாதத்தை மட்டும் திருப்பச் சொல்கிற வகுப்பில் இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளை முட்டி வலி என்று உட்கார்ந்துவிடும். தரையும் முக்கியம். மரத்தரை நம் பக்கத்தில் கிடைக்காது, சரி. ஆனால் டைல்ஸ் போட்ட ஹாலிலோ வெறும் சிமென்ட் மாடியிலோ நாற்பது பிள்ளைகள் தங் தங்கென்று தட்டிக்கொண்டிருந்தால் அங்கே சேர்க்க நான் யோசிப்பேன்.

காலம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு வருடம் பயின்று, பன்னிரண்டில் மன்னன் முன் ஆடுகிறாள். அத்தனை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் அரங்கேற்றத்துக்கு ஏழெட்டு வருடம் ஆகும். இரண்டு வருடத்தில் மேடை, மூன்று வருடத்தில் சான்றிதழ் என்று எங்கேயாவது சொன்னால் வேகமாக வெளியே வந்துவிடுங்கள். 'உலக சாதனை' என்று மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஒரே பாட்டுக்கு ஆடவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஷீல்டு கொடுக்கிற பழக்கம் இப்போது பெருத்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஷோகேஸில் அப்படி மூன்று ஷீல்டு நிற்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தாளம் போடத் தெரியாது.

காசு. மாதக் கட்டணம் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸை ஒட்டித்தான் இருக்கும். செலவு கடைசியில்தான் மொத்தமாக வரும். அரங்கேற்றம் என்றால் நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல், மண்டபம், மேக்கப், நகை, பட்டு, சாப்பாடு. சில லட்சங்களில் போய் நிற்கும். குட்டிக் கல்யாணம்தான். ஆனால் அரங்கேற்றம் செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதன்முதலில் சலங்கை கட்டும் சலங்கை பூஜையோடு நிறுத்தி, கோயில் திருவிழாக்களில் ஆடிக்கொண்டு நிறைவாக இருக்கிறவர்கள் உண்டு. இதைச் சேர்க்கும்போதே டீச்சரிடம் பேசிவிடுவது நல்லது. சிலர் அரங்கேற்றம் இல்லையென்றால் மேற்கொண்டு சொல்லித்தருவதில்லை.

ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு தயக்கம் கேட்டிருக்கிறேன்: எல்லாம் சாமி பாட்டாக இருக்கிறதே என்று. உருப்படிகள் பெரும்பாலும் முருகன், சிவன், கிருஷ்ணன் மேல்தான், உண்மை. ஆனால் திருச்சியில் கலைக் காவிரி என்ற நுண்கலைக் கல்லூரியை 1977-ல் தொடங்கியவரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். விவிலியக் கதைகளைப் பரதத்தில் அமைத்து ஆடும் வழி அங்கிருந்து நன்றாகவே வளர்ந்திருக்கிறது. டீச்சர் மனசு வைத்தால் முடியும்.

பையன்களைச் சேர்ப்பதில் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த நட்டுவனார்கள் ஆண்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமிருந்தும் வழுவூர் ராமையா பிள்ளையிடமிருந்தும்தான் இன்றைய பாணிகளில் பாதி வந்திருக்கிறது.

பறையாட்டம்

இதைத்தான் நான் நெடுநேரம் யோசித்தேன்.

வடசென்னையில் பறைச் சத்தம் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலும் கேட்டது எங்கே? சாவு வீட்டில். பந்தல் போட்ட தெருவில், பூவும் பட்டாசுமாகப் போகும் ஊர்வலத்துக்கு முன்னால். அதனால் பறை கற்க அனுப்பலாமா என்ற பேச்சை எடுத்ததுமே கீழ்வீட்டு அக்கா, "ஏன்மா, சாவுக்கு அடிக்கிறதப் போயி பொம்பளப் புள்ளைக்குக் கத்துக் குடுக்கப் போறியா?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பறையைச் சாவோடு கட்டிப்போட்டது, அதை அடித்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய அதே ஏற்பாடுதான். அது அவர் உண்டாக்கியது இல்லை.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை என்று கருப்பொருள்களை அடுக்கும்போது பறையையும் அதில் வைக்கிறது. நிலத்துக்கு ஒரு பறை இருந்திருக்கிறது. சாவு அதன் பல வேலைகளில் ஒன்று. அடிகளின் பெயர்களைக் கேட்டாலே தெரியும்: சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, வாழ்த்தடி, மாரடிப்பு அடி, இன்னும் சினிமா அடி கூட உண்டு. கோயில் காப்புக் கட்டுவதிலிருந்து சாமி வருவது வரை ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம்.

மேலே சொன்ன சதிர்க் கதையோடு இதை வைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒரு காலத்தில் ஊர் இழிவாகப் பேசியது. சதிரை அதை ஆடியவர்களிடமிருந்து எடுத்துச் சுத்தம் செய்து, வேறு பெயரில் மேடையேற்றினார்கள். ஆடிய குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியே நின்றன. பறையை யாரும் எடுத்துச் சுத்தம் செய்ய வரவில்லை. தலித் இயக்கங்களும் கலைக்குழுக்களும் அதைக் கையில் ஏந்தி, 'இது எங்கள் இசை' என்று நடுத்தெருவில் நிமிர்ந்து நின்றார்கள். இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராகச் சிலர் மறுத்தார்கள். அடிமைச் சின்னம் எதற்கு, தூக்கிப் போடுவோம் என்றவர்களும் உண்டு. அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில், கல்யாணத்தில், கல்லூரி விழாவில், போராட்டத்தில் என்று பறை வந்துவிட்டது. திண்டுக்கல் பக்கத்துச் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடத் தொடங்கியதும் 'பொம்பளைக்கு எதற்கு' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 2025-ல் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கீழ்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்படியா, டிவில காட்டுனாங்களா?" என்றார்.

கற்றுக்கொள்வது எப்படி இருக்கும்? தோளில் தொங்கும் பறை இடது பக்கம் உடம்போடு அணையும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, இன்னொரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. இரண்டு கையும் இரண்டு வேலை செய்யும்போதே காலும் அடவு போட வேண்டும். ஆமாம், பறையிலும் அடவுதான். முதல் சில வாரம் கை ஓடினால் கால் நிற்கும், கால் ஓடினால் கை நிற்கும். பிறகு ஒருநாள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆறேழு மாதத்தில் ஒரு குழுவோடு வரிசையில் நின்று ஆட முடிகிறது. பரதத்தில் அந்த நேரத்துக்கு நாட்டடவு தாண்டியிருப்பார்களா என்பதே சந்தேகம்.

செலவு மிகக் குறைவு. பல குழுக்கள் பயிற்சியைக் காசு வாங்காமலோ பெயருக்கு வாங்கியோ நடத்துகின்றன. பறையையும் அவர்களே கொடுக்கிறார்கள். தோல் பறை என்றால் அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும், மழைக்காலத்தில் சுருதி இறங்கும். அதனால் பயிற்சிக்குப் பலர் ஃபைபர் பயன்படுத்துகிறார்கள். ஒலி தோல் போல் வராது, ஆனால் பிள்ளை தூக்க இலகுவாக இருக்கும்.

சிக்கல்களும் உண்டு. முதலாவது சத்தம். நம் குடித்தனங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் படுத்திருக்கும், வீட்டில் பயிற்சி நடக்கவே நடக்காது. மைதானமோ கடற்கரையோ வேண்டும். இரண்டாவது, வகுப்பு ஒழுங்காக நடக்காது. ஒரு மாதம் வாரா வாரம் நடக்கும், நிகழ்ச்சி வந்துவிட்டால் இரண்டு மாதம் ஆசானைப் பார்க்க முடியாது. தேர்வு, பாடத்திட்டம், சான்றிதழ் என்று எதுவும் பெரிதாக இல்லை. மூன்றாவது, சொல்லித்தான் ஆக வேண்டும், சாதி. பிள்ளை பறை கற்கிறது என்றதும் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை என்றால் அந்தக் கேள்வி வேறு விதமாகத் தைக்கும், மற்றவர்கள் என்றால் வேறு விதமாக. இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நல்ல குழு என்றால் முதல் மாதமே அவர்களே பேசிவிடுகிறார்கள்.

ஒயில், கும்மி, கோலாட்டம்

எதையும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் இங்கே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். ஒயிலாட்டம் கையில் துணியும் காலில் சலங்கையுமாக வரிசையில் நின்று ஆடுவது. மதுரைப் பக்கமும் கொங்குப் பக்கமும் ஆண்கள் ஆடியது, இப்போது எல்லாப் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள். கும்மிக்கு வாத்தியமே வேண்டாம், கையும் பாட்டும் போதும். எளிமையாகத் தெரியும், ஆனால் வட்டத்தில் தன் இடம் தவறாமல், பக்கத்து ஆளின் தோளைப் பார்த்து நகரும் பழக்கம் வேறு எதிலும் இவ்வளவு சீக்கிரம் வராது. தாளம், மூச்சு, சேர்ந்து ஆடுவது மூன்றும் இங்கே கிடைத்துவிட்டால் பிறகு பரதத்துக்குப் போனாலும் பறைக்குப் போனாலும் பிள்ளை திணறாது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இன்னொரு வசதி: 2022-23 கல்வியாண்டிலிருந்து நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகளில் கிராமிய நடனத்துக்கு இடம் உண்டு. தனியாக வகுப்பு தேடாமலே பி.டி. வாத்தியாரோ தமிழம்மாவோ ஒரு குழுவைச் சேர்த்துப் பழக்கிவிடுகிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் இருக்கின்றன. ஐந்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். இதைத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோர் எங்கள் பக்கத்தில் குறைவு.

மற்றவை

கரகம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் சிறு பிள்ளைக்குச் சொல்ல மாட்டேன். ஆடி மாதம் வந்தால் நம் தெருமுனை அம்மன் கோயில்களிலெல்லாம் வேப்பிலை சுற்றிய சக்திக் கரகம் கிளம்பும். அது வேண்டுதல். நையாண்டி மேளத்தோடு மேடையில் ஆடுவது ஆட்டக் கரகம், அது தொழில். உச்சியில் கிளி வைத்த செம்பைத் தலையில் நிறுத்திக்கொண்டு ஏணி ஏறுவதும் கண்ணிமையால் ஊசி எடுப்பதும் வருடக்கணக்கான உழைப்பு. கழுத்தெலும்பு முற்றாத வயதில் அந்தப் பாரம் தேவையில்லை. ஆசான்களும் தஞ்சை, மதுரைப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், இங்கே நிலையான வகுப்பு கிடைப்பது கஷ்டம். கலைஞர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பொங்கல் சமயம் சென்னை சங்கமம் நடக்கும்போது பிள்ளையைக் கூட்டிப்போங்கள். 2007-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2023-ல் மறுபடி ஆரம்பித்தது. பூங்காவிலும் மைதானத்திலும் காசில்லாமல் பார்க்கலாம். எது பிள்ளையின் கண்ணை இழுக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தெருக்கூத்து நம் வடதமிழ்நாட்டின் சொந்தச் சரக்கு. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதை நடக்கும்போது இரவு முழுக்க ஓடும். கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வந்து பேச ஆரம்பித்தால் சிரிப்பு அடங்காது. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025-ல் பத்மஸ்ரீ வந்தது. கூத்தில் ஆட்டம், பாட்டு, வசனம், வேடம் எல்லாம் சேர்ந்து வரும். வாய் ஓயாத, கண்ணாடி முன் நின்று நடித்துக்காட்டுகிற பிள்ளைக்கு இது பொருத்தம். ஆனால் வார வகுப்பாகக் கிடைக்காது, கோடை விடுமுறைப் பயிற்சி முகாமாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். பதின்ம வயதுக்கு மேல் யோசிக்கலாம்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் குச்சிப்புடி கேட்பார்கள். ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்துக் கிராமத்தின் பெயர்தான் அந்த ஆட்டத்துக்கும். முன்பு ஆண்கள் மட்டுமே, பெண் வேடமும் கட்டி ஆடியது. வெம்பட்டி சின்ன சத்யம் 1963-ல் சென்னையில் குச்சிப்புடி ஆர்ட் அகாடமி தொடங்கினார். அதற்குப் பிறகு இந்த ஊரில் குச்சிப்புடிக்கு ஒரு வேர் பிடித்துவிட்டது. ஆனால் அது பிடித்ததும் தெற்கில்தான். பரதத்தைவிடத் துள்ளல் அதிகம், அரைமண்டி சற்று இளக்கம், நடிப்பும் வசனமும் உண்டு, பித்தளைத் தட்டின் விளிம்பில் நின்று ஆடும் தரங்கம் பிள்ளைகளை மயக்கிவிடும். பக்கத்தில் நல்ல ஆசிரியர் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் அதற்காகத் தினமும் ஊரைக் கடக்க வேண்டாம்.

சிலம்பம் ஆட்டமா, சண்டையா என்பதை விட்டுவிடுகிறேன். உடம்பு ஓயாத பையனுக்கும் பெண்ணுக்கும் அதுவே முதல் படியாக இருக்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாகச் சேர்த்த பிறகு வகுப்புகள் பெருகிவிட்டன. சினிமா டான்ஸ் வகுப்பைப் பற்றி எனக்குப் பெரிய புகார் ஒன்றும் இல்லை, வியர்க்கிறது, சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு என்று போகும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. மூன்று வருடம் கழித்துக் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வது கடினம்.

சரி, எதை எடுப்பது?

என் கணக்கு இப்படிப் போகிறது. பாட்டுக் கேட்டால் உட்கார்ந்து கேட்கிற பிள்ளை, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் அலுக்காத பிள்ளை, தனியாக விளையாடிக்கொள்ளும் பிள்ளை என்றால் பரதம். அதன் ருசி மெதுவாகத்தான் இறங்கும். பாலசரஸ்வதி 1975-ல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பேசும்போது பரதக் கச்சேரியின் வரிசையைக் கோயிலுக்குள் நடந்து போவதோடு ஒப்பிட்டார்: அலாரிப்பு கோபுரம், பதம் கருவறை. கோபுர வாசலிலேயே சில வருடம் நிற்கப் பொறுமை வேண்டும். பெற்றோருக்கும் வேண்டும்.

கூட்டத்தைப் பார்த்தால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிற பிள்ளை, மேஜையில் தாளம் போட்டுத் திட்டு வாங்குகிற பிள்ளை என்றால் பறை. வெட்கப்படுகிற பிள்ளைக்கும் பறையைத்தான் சொல்வேன். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். மேடையில் தனியாக நிற்கப் பயப்படுகிற பிள்ளை, பத்துப் பேர் நடுவில் கையில் ஒரு கருவியோடு நிற்கும்போது முகம் நிமிர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்து வயது ஆகாத பிள்ளைக்குப் பறை கனமாக இருக்கும் என்றால் அது வரை ஒயிலும் கும்மியும்.

படிப்புக்கு, வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: மத்திய அரசின் கலாசார வள மற்றும் பயிற்சி மையம் பத்து முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்குச் செவ்வியல், கிராமியம் இரண்டிலும் விண்ணப்பிக்கலாம். பட்டம், டிப்ளமோ, ஆசிரியர் வேலை என்று போனால் பரதத்துக்குத்தான் வழி அதிகம். கிராமியக் கலையில் அது இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறது. இது நியாயம் இல்லை, ஆனால் இன்றைய நிலை இதுதான்.

எங்கள் வீட்டில் பறை என்று முடிவாகியிருக்கிறது. அவளுக்குக் கூட்டம் பிடிக்கும். பரதம் பிறகு வேண்டும் என்றால் பன்னிரண்டிலும் தொடங்கலாம், அரங்கேற்றம் என்று கனவு காணாவிட்டால் போதும். இரண்டையும் ஒரே வருடத்தில் சேர்க்க வேண்டாம் என்பது மட்டும் உறுதி. பரதம் முதுகை நிறுத்திப் பழக்கும், பறை இடுப்பையும் தோளையும் தளர்த்திப் பழக்கும். இரண்டும் ஒன்றையொன்று குழப்பும்.

எதில் சேர்த்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கையில் எடுத்துச் சொல்கட்டு (தாளச் சொற்கள்) சொல்கிறாரா, அல்லது போனில் பாட்டைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாரா? பறைக் குழுவில் பெண் பிள்ளைகள் முன் வரிசையில் நிற்கிறார்களா, பின்னால் கைதட்ட மட்டும் வைத்திருக்கிறார்களா? தப்பாக ஆடுகிற பிள்ளையை எப்படித் திருத்துகிறார்கள்? 'அம்மா அப்பா வெளியே இருங்கள்' என்று கதவைச் சாத்துகிற இடத்தில் சேர்க்க வேண்டாம்.

பரதத்துக்குப் பெரும்பாலும் விஜயதசமியன்று சேர்ப்பார்கள். பறைக்கு அப்படி நாள் கிடையாது, ஏப்ரல் பரீட்சை முடிந்த கையோடு பயிற்சி முகாம்கள் தொடங்கும். சலங்கையை முதல் மாதமே வாங்கிவிடாதீர்கள், ஆசிரியர் சொல்லும்போது வாங்கினால் போதும். பரத உடையை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துத் தைப்பதும் பிள்ளை வளர வளர வீண்தான், ஆண்டு விழாவுக்கு வாடகைக்கே கிடைக்கிறது. பயிற்சிக்கு ஒரு பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவை இறுக்கிக் கட்ட ஒரு ஊக்கும் போதும்.